கரீபியக் கவிதை மாலை: முதல்முறை போகிறவர்களுக்கு

டொராண்டோவில் நான் முதன்முதலாகப் போன கரீபியக் கவிதை நிகழ்ச்சி ஒரு கடையின் பின்னறையில் நடந்தது. நாற்பது மடக்கு நாற்காலிகள், ஒரு மைக், சுவரோரமாக ஒரு கைமுரசு. மேடை என்று தனியாக எதுவும் இல்லை. கவிதை சொல்ல வந்த பெண் மைக்கைப் பிடித்ததும் "கிரிக்?" என்றார். ஏழெட்டுப் பேர் "கிராக்!" என்றார்கள். அவர் தொடங்கவில்லை. காதருகே கையைக் குவித்துக்கொண்டு மறுபடியும் "கிரிக்?" என்றார். இந்தமுறை பாதிக் கூட்டம் பதில் சொன்னது. அப்போதும் அவர் சும்மா நின்றார். என் பக்கத்தில் இருந்த மூதாட்டி என் முழங்கையைத் தொட்டு, "நீயும் சொல்லு பிள்ளை, சொன்னால்தான் அவள் ஆரம்பிப்பாள்" என்றார். சொன்னேன். அதன்பிறகுதான் கவிதை தொடங்கியது.

கவிதை வாசிப்பு என்றால் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, முடிந்ததும் தட்டுவது என்றே அதுவரை பழகியிருந்தேன். இங்கே அப்படி உட்கார்ந்திருந்தால் கவிதை பாதிதான் நடக்கும். மீதிப் பாதி கேட்கிறவர்களின் வாயில் இருக்கிறது. நுழைவுச்சீட்டு வாங்குவதிலிருந்து மைக் முன் நிற்பதுவரை நான் கீழே சொல்வதெல்லாம் இந்த ஒன்றை ஒட்டியே வரும்.

என்ன வகை நிகழ்ச்சி என்று பாருங்கள்

அறிவிப்பில் பொதுவாகக் "கரீபியக் கவிதை, ஸ்போக்கன் வேர்ட்" என்று போட்டிருப்பார்கள். அதற்குள் பல வகை உண்டு. நூலகத்திலோ புத்தகக் கடையிலோ நடக்கும் வாசிப்பு அமைதியாக இருக்கும். கவிஞர் புத்தகத்தைப் பார்த்து வாசிப்பார், கடைசியில் கேள்வி பதில். ஓப்பன் மைக்கில் யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்துப் பேசலாம். நடுவில் ஓர் அழைப்புக் கவிஞர் இருபது முப்பது நிமிடம் எடுத்துக்கொள்வார். ஸ்லாம் என்பது போட்டி: ஆளுக்கு மூன்று நிமிடம் போல நேரம், நடுவர்களின் மதிப்பெண், மதிப்பெண் குறைந்தால் கூட்டத்தின் கூச்சல்.

டப் கவிதை தனி வகை. ரெக்கே இசைத்தட்டின் பின்பக்கத்தில், பாடகரின் குரலை எடுத்துவிட்டு பேஸும் டிரம்மும் தூக்கலாக வரும்படி ஒரு பதிவு இருக்கும். ஜமைக்காவின் தெருவோர சவுண்ட் சிஸ்டங்களில், அதாவது ஊர் கூடி ஆடும் பெரிய ஒலிபெருக்கிகளில், அதை ஓடவிட்டு, அதன்மேல் டீஜேக்கள் பேச்சாலேயே தாளம் கட்டினார்கள். 1970களில் அந்தத் தாளத்தைச் சொல்லுக்குள்ளேயே வைத்து எழுதத் தொடங்கினார்கள் சில இளைஞர்கள். கிங்ஸ்டனில் ஓகு ஒனுவோரா, முட்டபரூக்கா, மைக்கேல் ஸ்மித். லண்டன் பிரிக்ஸ்டனில் லின்டன் க்வெசி ஜான்சன். டொராண்டோவில் அதை வளர்த்தவர் லிலியன் ஆலன். இந்தக் கவிதைகளைப் பக்கவாத்தியத்தோடும் சொல்வார்கள், வெறும் குரலிலும் சொல்வார்கள். ஜான்சன் வாத்தியம் எதுவும் இல்லாமல் மைக் முன் நின்று சொல்லும்போது பேஸ் கிட்டார் எங்கே ஒலிக்கும் என்பது அவர் விடும் இடைவெளியிலேயே தெரியும். வீட்டில் பதிவைப் போட்டுக் கேட்டுப் பாருங்கள். உங்கள் கால் தானாகத் தட்டும்.

டிரினிடாட்காரர்கள் நடத்தும் மாலை என்றால் வேறு சுவை. அங்கே பேச்சுக்கலை கார்னிவல் என்ற தெருத்திருவிழாவிலிருந்து வருகிறது. மிட்நைட் ராபர் என்ற வேடக்காரர் குடை அகலத்துக்குத் தொப்பியும் மேலங்கியும் போட்டுக்கொண்டு, வழியில் போகிறவரை மறித்து, தான் பிறந்தபோது பூமி நடுங்கியது, கடல் வற்றியது என்று மூச்சுவிடாமல் வசனம் பேசுவார். காசு கொடுத்தால்தான் விடுவார். கலிப்சோ என்ற டிரினிடாட் பாட்டு வகையில் எக்ஸ்டெம்போ என்றொரு போட்டி இருக்கிறது. அங்கேயே தரும் தலைப்பில், அந்த இடத்திலேயே கட்டி, எதிராளியை மடக்கிப் பாடவேண்டும். எசப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பால் கீன்ஸ் டக்ளஸின் கதைசொல்லலும் இந்த வகையில் சேரும். கூடை கூடையாகச் சாப்பாடு கட்டிக்கொண்டு கிரிக்கெட் பார்க்க வரும் டான்டி மெர்ல் என்ற அத்தை அவருடைய பாத்திரம். போர்ட் ஆஃப் ஸ்பெயின் ஓவல் மைதானத்தில் அந்த அம்மாள் செய்யும் கலாட்டாவைக் கேட்டால், சேப்பாக்கத்தில் கட்டுச்சோற்றுப் பையோடு உட்கார்ந்தவர்களுக்கு நன்றாகவே புரியும்.

முதல்முறை என்றால் ஓப்பன் மைக்குக்கே போகச் சொல்வேன். கத்துக்குட்டியும் கைதேர்ந்தவரும் ஒரே மைக்கில் வருவார்கள். கூட்டம் இருவரையும் எப்படித் தாங்குகிறது என்று பார்ப்பதே பாதிப் பாடம். ஸ்லாமை இரண்டாவது மூன்றாவது தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் பரபரப்பில் காது சொல்லைவிட்டுப் போய்விடும்.

எங்கே, எந்த மாதத்தில்

ஜமைக்காவுக்கே போகிறவர்கள் மே மாதக் கடைசியில் நடக்கும் கலபாஷ் இலக்கிய விழாவைக் குறித்துக்கொள்ளலாம். 2001இல் கவிஞர் க்வாமி டாஸ், நாவலாசிரியர் காலின் சானர், ஜஸ்டின் ஹென்செல் மூவரும் தொடங்கியது. தென்கரையில் ட்ரெஷர் பீச் என்ற மீனவ ஊரில், கடலைப் பின்னணியாக வைத்து மேடை போடுவார்கள். அனுமதி இலவசம். இப்போது இரண்டாண்டுக்கு ஒருமுறைதான் என்பதால் ஆண்டைச் சரிபார்த்துவிட்டு விமானச்சீட்டு எடுங்கள். டிரினிடாட்டில் ஏப்ரல் கடைசியை ஒட்டி போகஸ் இலக்கிய விழா, 2011இலிருந்து நடக்கிறது. தேசிய ஸ்லாம் இறுதிப்போட்டியும் அதோடு சேர்ந்தது, இளைஞர் கூட்டம் நெரியும்.

லண்டனில் இருப்பவர்களுக்கு ஜூன் 22 முக்கியமான நாள். 1948இல் எம்பயர் விண்ட்ரஷ் கப்பலில் வந்த கரீபியர்கள் டில்பரி துறைமுகத்தில் இறங்கிய நாள் அது. அதையொட்டியும், அக்டோபர் கறுப்பின வரலாற்று மாதத்திலும் பிரிக்ஸ்டன் பக்கம் நிகழ்ச்சிகள் நிறைய இருக்கும். 1982இலிருந்து இயங்கும் ஆப்பிள்ஸ் அண்ட் ஸ்நேக்ஸ் என்ற மேடைக்கவிதை அமைப்பின் அறிவிப்புகளையும் பாருங்கள். ஃபின்ஸ்பரி பார்க்கில் ஜான் லா ரோஸ், சாரா வைட் இருவரும் 1966இல் தொடங்கிய நியூ பீக்கன் புத்தகக் கடை இந்த இலக்கியத்தின் தாய்வீடு மாதிரி.

கனடாவில் கறுப்பின வரலாற்று மாதம் பிப்ரவரி. டொராண்டோவின் பாதர்ஸ்ட் தெரு பழைய கரீபியக் குடியிருப்பு. அங்குள்ள ஏ டிஃபரன்ட் புக்லிஸ்ட் கடையில் கேட்டால் ஊரில் நடப்பது தெரியும். ஏரிக்கரையில் ஹார்பர்ஃபிரன்ட் மையத்தில் மிஸ் லூ பெயரில் ஓர் அறை இருக்கிறது. அவர் யார் என்பதை அடுத்துச் சொல்கிறேன். அவரைத் தெரியாமல் இந்த மாலைகளுக்குப் போகக்கூடாது.

காதைப் பழக்குங்கள்

முதல்முறை போய்விட்டு வருகிறவர்கள் "பாதி புரியவில்லை" என்பார்கள். காரணம், மேடையில் கேட்பதை ஆங்கிலம் என்று நினைத்துக்கொண்டு கேட்பதுதான். சொற்களில் பெரும்பகுதி ஆங்கிலத்திலிருந்து வந்திருக்கலாம்; இலக்கணமும் ஓசையும் வேறு. மேற்கு ஆப்பிரிக்க மொழிகள் பேசியவர்கள் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டு, தோட்டங்களில் தங்களுக்குள் உருவாக்கிக்கொண்ட மொழி அது. ஜமைக்காவில் பாட்வா என்பார்கள். பார்படாஸ் கவிஞர் கமாவ் பிராத்வெயிட் இப்படிப்பட்ட மொழிகளை "தேசமொழி" என்று அழைத்தார். 1979இல் ஹார்வர்டில் அவர் ஆற்றிய உரை 1984இல் சிறு நூலாக வந்தது. சூறாவளி ஆங்கில யாப்பின் ஐந்து சீர் அடியில் உறுமுவதில்லை என்பது அதில் அவர் சொன்ன வாதம். பனியையே பார்த்திராத பள்ளிப்பிள்ளைகள் கரும்புக் காட்டில் பனி பெய்ததாகக் கட்டுரை எழுதியதை அதில் எடுத்துக் காட்டுவார். பாடப்புத்தகத்தில் இருந்தது இங்கிலாந்தின் பனி. சன்னலுக்கு வெளியே இருந்தது கரும்பு.

வீட்டில் ஒரு தமிழ், மேடையில் ஒரு தமிழ் என்று வாழ்கிற நமக்கு இந்த வாதம் சட்டென்று பிடிபடும். பேச்சுமொழியில் எழுதினால் இலக்கியமா என்ற சண்டை நமக்கும் பழையது. அங்கே அந்தச் சண்டையை முன்னால் நின்று நடத்தியவர் லூயிஸ் பென்னட், எல்லோருக்கும் மிஸ் லூ. 1919இல் கிங்ஸ்டனில் பிறந்தவர். பள்ளி வயதில் ஒருநாள் நன்றாக உடுத்திக்கொண்டு டிராம் வண்டியில் ஏறினார். பின்பக்க இருக்கைகள் கூடையோடு வரும் சந்தைப் பெண்களுக்கு. அவர்களில் ஒருத்தி தோழியிடம் பாட்வாவில் சொன்னாள்: "நல்லாப் பரந்து உட்காரு லைசா, உடுத்துக்கிட்டு வந்த ஒருத்தி நம்ம பக்கத்துல இருக்கற துளியூண்டு இடத்தப் பாக்கறா." அந்தப் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டு போய்த்தான் மிஸ் லூ தன் முதல் பாட்வாக் கவிதையை எழுதினார். அதன்பிறகு மேடை, வானொலி, குழந்தைகளுக்கான தொலைக்காட்சி என்று நாடு முழுக்க அவர் குரல் கேட்டது. அப்படியிருந்தும் 1962இல் ஜமைக்கா விடுதலை பெற்றபோது வந்த இலக்கியத் தொகுப்பில் அவரைக் கவிதைப் பகுதியில் சேர்க்கவில்லை. கடைசியில் "இதர" என்ற தலைப்பின்கீழ் போட்டார்கள். இதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறுவதில்லை. கடைசிக் காலத்தை அவர் டொராண்டோவில் கழித்து 2006இல் மறைந்தார். இன்று மேடையில் பாட்வாவில் வாய்திறக்கிற ஒவ்வொருவரும் அவர் போட்ட பாதையில்தான் நடக்கிறார்கள்.

போவதற்கு முன் ஒரு வாரம், தினம் பத்து நிமிடம் பதிவுகளைக் கேளுங்கள். மிஸ் லூ, ஜான்சன், ஜீன் பின்டா பிரீஸ் மூவர் போதும். பிரீஸின் புகழ்பெற்ற கவிதை ஒன்றில், தலைக்குள் ரேடியோ ஒலிப்பதாக நம்பும் பெண்ணொருத்தி நகரத் தெருவில் அலைந்துகொண்டு கிராமத்துக்குத் திரும்ப ஏங்குவாள். முதலில் சிரிப்பு வரும். நடுவில் அது நின்றுவிடும்.

கேட்கும்போது சில சொற்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். "மி" என்றால் நான், என்னை, என் எல்லாமே. வேற்றுமை உருபு கிடையாது. "உனு" நம் "உன்" போலக் காதில் விழும், ஆனால் பலரைச் சுட்டுவது, நாம் "நீங்கள் எல்லாரும்" என்போமே அது. நைஜீரியாவின் இக்போ மொழியிலிருந்து வந்த சொல். "டி பிக்னி டெம்" என்றால் பிள்ளைகள். "டெம்" நம் "கள்" செய்யும் வேலையைச் செய்கிறது. "ந்யாம்" என்றால் தின்பது. "டப்பி" என்றால் பேய். "லேப்ரிஷ்" ஊர்வம்பு. அடுக்கிச் சொல்வதும் நிறைய உண்டு: "லிக்கிள் லிக்கிள்" என்றால் கொஞ்சம் கொஞ்சமாக, "சாட்டி சாட்டி" என்றால் தொணதொணவென்று பேசுகிற ஆள்.

குறில் நெடில் தெரிந்த காது இங்கே பெரிய சொத்து. "கியன்" என்று குறிலாக வந்தால் "முடியும்". "கியான்" என்று நீண்டு மூக்கில் முடிந்தால் "முடியாது". மைக்கேல் ஸ்மித்தின் பெயர்பெற்ற கவிதை "மி கியான் பிலீவ் இட்" என்று திரும்பத் திரும்ப வரும்: என்னால் நம்ப முடியவில்லை. நெடிலைக் குறிலாகக் கேட்டால் கவிதையே தலைகீழாகிவிடும். அவர் அந்த "யா"வை இழுக்கிற இழுப்பில் ஒரு சேரியின் அத்தனை நாள் அலுப்பும் இருக்கும். 1983இல், 28 வயதில், கிங்ஸ்டனுக்கு அருகே தெருவில் கல்லெறிந்து கொல்லப்பட்டார். கைவிரல் விட்டு எண்ணக்கூடிய பதிவுகளே மிஞ்சியிருக்கின்றன.

எல்லாத் தீவும் ஒரே பேச்சு என்று நினைக்கவேண்டாம். டிரினிடாட், பார்படாஸ், கயானா ஒவ்வொன்றும் வேறு. செயின்ட் லூசியாவிலும் டொமினிக்காவிலும் பிரெஞ்சிலிருந்து வந்த க்வெயோல் உண்டு. பெயர் அறிவிக்கும்போது எந்த நாட்டுக்காரர் என்பதைக் கவனியுங்கள். கயானாக்காரரை ஜமைக்காக்காரர் என்று சொல்லிவிட்டால், மதுரைக்காரரை யாழ்ப்பாணத்துக்காரர் என்று சொன்ன மாதிரிதான்.

கொஞ்சம் வரலாறும் வேண்டும்

இந்தக் கவிதைகளில் ஆண்டுகளும் ஊர்ப்பெயர்களும் சும்மா வந்து விழும், விளக்கம் வராது. கூட்டத்துக்கு அது தெரியும். எல்லாவற்றையும் படிக்கவேண்டியதில்லை. லண்டன் மேடை என்றால் 1981 ஜனவரி 18 தெரிந்திருக்கவேண்டும். நியூ கிராஸ் பகுதியில் ஒரு வீட்டில் பிறந்தநாள் விருந்தின்போது தீப்பிடித்து 13 கறுப்பின இளையோர் இறந்தார்கள். இரண்டு விசாரணைகள் நடந்தும் காரணம் உறுதியாகவில்லை. மார்ச் 2 அன்று ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் போனார்கள். ஏப்ரலில் பிரிக்ஸ்டன் கொந்தளித்தது. ஜான்சன் இவற்றை எழுதியிருக்கிறார். அந்தக் கவிதை வரும்போது பக்கத்தில் இருக்கிற அறுபது வயதுக்காரர் கண்ணை மூடிக்கொண்டால், அந்த விருந்தில் அவருக்குத் தெரிந்தவர் யாராவது இருந்திருக்கலாம்.

தீவுகளிலிருந்து வருகிறவர்கள் புயலைச் சொல்வார்கள். 2024 ஜூலையில் பெரில் புயல் கரியாக்கூ தீவை நொறுக்கி, இரண்டு நாளில் ட்ரெஷர் பீச்சையும் அடித்தது. பிரிட்டனில் பல்லாண்டு வாழ்ந்த கரீபியர்களிடம் ஆவணம் கேட்டு நாடுகடத்திய விவகாரம் 2018இல் வெடித்தது. "விண்ட்ரஷ்" என்ற ஒற்றைச் சொல்லில் அந்தக் கோபமும் இருக்கிறது. புலம்பெயர்ந்து காகிதங்களோடு அலைந்தவர்களுக்கு இதற்குமேல் நான் சொல்லத் தேவையில்லை.

அன்று மாலை

உடை உங்கள் விருப்பம். ஆனால் பெரியவர்கள் அழகாக உடுத்திக்கொண்டு வருவார்கள். கசங்கிய டி சர்ட்டோடு போய் நிற்கவேண்டாம். தலையில் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் கட்டம்போட்ட துணி கட்டிய பெண்களைப் பார்ப்பீர்கள். மிஸ் லூவின் மேடை உடையும் அதுதான். ஜமைக்காவில் பண்டானா என்பார்கள். செயின்ட் லூசியா, டொமினிக்கா, மார்ட்டினிக் பக்கம் அதே கட்டத்துணிக்குப் பெயர் "மதராஸ்". நம் கரையில் நெய்து கப்பலேறிய பருத்திக் கட்டம், அங்கே தேசிய உடையாகிவிட்டது. என் பக்கத்தில் இருந்த மூதாட்டியின் தலைக்கட்டைப் பார்த்து எனக்கு என் பாட்டனார் தோளில் கிடந்த துண்டு நினைவுக்கு வந்தது. பார்டரின் மடிப்பு மட்டும் வேறு.

அரை மணி முன்னதாகப் போங்கள். நிகழ்ச்சி சொன்ன நேரத்துக்குத் தொடங்காமல் போகலாம். அந்த இடைவேளையில்தான் ஆட்களோடு பேச்சு தொடங்கும். சிறு நிகழ்ச்சிகளில் "முடிந்ததைக் கொடுங்கள்" என்று வாசலில் ஒரு டப்பா வைத்திருப்பார்கள். சில்லறை போடாதீர்கள். அழைப்புக் கவிஞரின் பஸ் செலவும் பல சமயம் அந்த டப்பாவிலிருந்துதான் போகிறது. கையில் ரொக்கம் வைத்திருங்கள், புத்தக மேசைக்கும் வேண்டும்.

முன்வரிசையில் உட்கார்ந்தால் கவிஞர் உங்களிடம் நேராகப் பேசுவார், கேள்வி கேட்பார், சிலர் கையைப் பிடித்து எழுப்பியும் விடுவார்கள். அது வேண்டாம் என்றால் நடுவில் உட்காருங்கள். கடைசி வரிசை மட்டும் வேண்டாம். பார் பக்கத்துப் பேச்சில் சொல் காணாமல் போகும்.

சாப்பாடு இருந்தால் அங்கேயே சாப்பிடுங்கள். ஜமைக்காவின் "பேட்டி" என்ற உள்ளே அடைத்துச் சுட்ட பண்டம், டிரினிடாட் டபுள்ஸ். டபுள்ஸ் என்பது இரண்டு மெல்லிய எண்ணெய் ரொட்டிக்கு நடுவே கொண்டைக்கடலைக் குழம்பு; இந்திய வழி வந்த கைப்பக்குவம். சோரல் என்ற சிவப்புப் பானம் புளிச்சகீரை இனத்துச் செடியின் பூவின் புறவிதழை இஞ்சியோடு ஊறவைத்தது. அதில் ரம் சேர்த்ததா என்று கேட்டுவிட்டுக் குடியுங்கள். ஜமைக்காவின் ஓவர்புரூஃப் ரம்மில் 63 விழுக்காடு சாராயம், இனிப்பில் தெரியாது.

அரங்குக்குள்

தொகுப்பாளர் முதலில் முன்னோரை நினைவுகூரச் சொல்லலாம். அண்மையில் மறைந்த கவிஞர்களின் பெயரைச் சொல்வார்கள், சிலர் ஒரு சொட்டு நீரைத் தரையில் ஊற்றுவார்கள். அப்போது போனைப் பையில் வையுங்கள்.

பிறகு அழைப்பும் பதிலும். "கிரிக்?" என்றால் "கிராக்!" க்வெயோல் பேசுகிறவர் "டிம் டிம்?" என்று கேட்டால் "ப்வா செஷ்!" என்று சொல்லவேண்டும், உலர்ந்த கட்டை என்று பொருள், விடுகதைக்கு முன் வருவது. இவை தெரிந்திருந்தால் முதல் நிமிடத்திலேயே உள்ளே வந்துவிடுவீர்கள். தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு தடவை கேட்டுவிட்டு அடுத்த தடவை சேர்ந்துகொள்ளுங்கள். வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர் போடும் "ஆமா" இல்லாமல் கதை நகருமா? அதே வேலைதான். அங்கே மேடையில் இருப்பவர் செய்வதை இங்கே நாற்காலியில் இருப்பவர்கள் செய்கிறார்கள்.

கவிதை ஓடிக்கொண்டிருக்கும்போதே கூட்டம் பேசும். "க்வான்!" என்றால் போ, மேலே சொல்லு. "டெல் டெம்!" என்றால் அவர்களுக்குச் சொல்லு. அடிவயிற்றிலிருந்து ஒரு "ம்ம்ம்" வரும். ஒரு வரி எல்லோரையும் குத்திவிட்டால் மேசையில் தட்டி "வீல்!" அல்லது "புல் அப்!" என்று கத்துவார்கள். சவுண்ட் சிஸ்டத்தில் பிடித்த பாட்டை ஊசியைத் தூக்கி மறுபடி முதலிலிருந்து போடச் சொல்லும் வழக்கம் அது. கவிஞரும் நிறுத்திவிட்டு அந்தப் பகுதியை மறுபடி தொடங்குவார். ஒரே வரியை இரண்டாம் தடவை கேட்கும்போது அதில் முதல் தடவை கேட்காத ஒன்று கேட்கும். புதியவர் தானாக "வீல்" கத்த வேண்டாம். கூட்டம் எழும்போது கூட எழுங்கள்.

இன்னொன்று, யாரும் சொல்லாதது. நாம் இரக்கத்துக்கு உச்சுக்கொட்டுவோம். ஒரு தாய் பிள்ளையை இழந்த கதையைக் கேட்டால் நாக்கு தானாக "ச்சு" என்னும். கரீபியர்களிடம் பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சி எழுப்பும் ஓர் ஓசை உண்டு. டிரினிடாட்டில் "ஸ்டூப்ஸ்", ஜமைக்காவில் "கிஸ் டீத்". அதற்குப் பொருள் எரிச்சல், அலட்சியம், "போடா" என்பது. நம்முடையது குட்டையானது, அவர்களுடையது நீளமானது; ஆனாலும் இருட்டில், நிசப்தத்தில், இரண்டும் ஒன்றாகக் கேட்டுவிடலாம். நான் ஒருமுறை உச்சுக்கொட்டி, முன்வரிசைப் பெண் திரும்பி என்னை முறைத்ததிலிருந்து அந்தப் பழக்கத்தை வாசலிலேயே விட்டுவிடுகிறேன். துயரம் தாங்காவிட்டால் நெஞ்சில் கைவைத்து "ம்ம்" என்று சொல்லுங்கள்.

படம்பிடிப்பதற்குமுன் கேளுங்கள். முழுக் கவிதையையும் பதிவு செய்து போட்டுவிட்டால் அந்தக் கவிஞர் அடுத்த ஊரில் அதைச் சொல்லும்போது புதுமை போய்விடுகிறது. கெட்ட வார்த்தை வரும், உடலைப்பற்றிய பேச்சு வரும். சின்னப்பிள்ளைகளைக் கூட்டிப்போனால் பகல் நிகழ்ச்சிக்கே போங்கள்.

முடிந்தபிறகு

புத்தக மேசைக்குப் போங்கள். சிறு நூல்களைக் கவிஞரே அச்சிட்டு விற்பார். பதிப்பகப் புத்தகங்களில் பீப்பல் ட்ரீ என்ற பெயரை அடிக்கடி காண்பீர்கள். 1985இல் தொடங்கி, லீட்ஸ் நகரிலிருந்து கரீபிய இலக்கியத்தை வெளியிட்டுவரும் பதிப்பகம். பெயர் நம் அரசமரம்தான். மறுநாள் அந்தக் கவிதைகளைக் கண்ணால் மட்டும் படிக்காமல் வாய்விட்டுப் படியுங்கள். பாட்வாவை ஒலிக்கிறபடி எழுதியிருப்பார்கள், பக்கத்தில் பார்த்தால் மிரட்டும், வாயில் வைத்தால் கரையும்.

கவிஞரிடம் பேசும்போது "உங்கள் ஆங்கிலம் வித்தியாசமாக இருக்கிறது" என்று ஆரம்பிக்காதீர்கள். "எந்த வரி எனக்குப் பிடித்தது" என்று ஆரம்பியுங்கள். நீங்கள் தமிழர் என்று தெரிந்தால் சிலர் தாமாகவே நெருங்கி வருவார்கள். கயானாவுக்கு 1838இலும் டிரினிடாட்டுக்கும் ஜமைக்காவுக்கும் 1845இலும் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பாலோர் கல்கத்தா வழி போன வடவர். மதராஸ் துறைமுகத்திலிருந்து போனவர்களைக் கயானாவில் இன்றும் "மதராசி" என்கிறார்கள். அங்கே மாரியம்மன் வழிபாட்டில் தப்பு ஒலிக்கிறது. குவாதலூப்புக்கு 1854இலிருந்து புதுச்சேரி, காரைக்கால் பக்கத்து ஆட்கள் போனார்கள். "என் ஆஜிக்கு (பாட்டிக்கு) ஒரு பாட்டுத் தெரியும், அர்த்தம் தெரியாது" என்று ஒரு கயானாப் பெண் இரண்டு அடி பாடிக்காட்டினார். ஒரே ஒரு சொல் எனக்குப் பிடிபட்டது: "தாயே". அதற்குமேல் இருவருக்கும் பேச்சு வரவில்லை. இப்படி ஒருவர் வந்தால், உச்சரிப்பைத் திருத்தாமல் முழுக்கக் கேளுங்கள்.

மைக் உங்களுக்கும் உண்டு

இரண்டு மூன்று மாலைகள் போனபிறகு ஓப்பன் மைக்கில் நீங்களும் பெயர் கொடுங்கள். வாசலில் ஒரு தாள் இருக்கும், சீக்கிரம் நிரம்பிவிடும். நேரம் பெரும்பாலும் ஐந்து நிமிடம். வீட்டில் கடிகாரம் வைத்து நாலு நிமிடத்துக்குச் சுருக்குங்கள், மேடையில் நீளும்.

பாட்வாவில் பேசிக்காட்ட முயலவேண்டாம். ஆசையோடு செய்தாலும் அது பகடியாகத்தான் கேட்கும். தமிழிலேயே சொல்லுங்கள். முதலில் இரண்டு வரியில் எதைப்பற்றியது என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, தமிழில் தொடங்கி, நடுவில் ஒரே ஓர் அடியைக் கூட்டத்துக்குக் கற்றுக்கொடுங்கள். நான் "ஏலேலோ" வரும் ஒரு படகுப்பாட்டை எடுத்துக்கொண்டேன். ஒருமுறை சொல்லிக்கொடுத்தேன், காதருகே கையைக் குவித்தேன். இரண்டாம் தடவையே அறை முழுக்க ஏலேலோ. பின்னால் இருந்த முரசுக்காரர் கேட்காமலே தாளம் போடத் தொடங்கினார், என் வேகத்தைவிடக் கொஞ்சம் மெதுவாக. அதற்கு இறங்கி வந்தபோது பாட்டு சரியான இடத்தில் உட்கார்ந்தது. வாத்தியக்காரர் அப்படிச் சேர்ந்தால் அவரை முந்தாதீர்கள், கேட்டு நடங்கள்.

தாளில் பெயர் எழுதும்போது, ஒலிக்கிறபடி பிரித்து எழுதுங்கள். எழுதிவிட்டுத் தொகுப்பாளரிடம் போய் ஒருதரம் சொல்லிக்காட்டுங்கள். அவர் உங்களை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட விரும்புவார், அதற்கு ஒத்திகை வேண்டும்.